போயிட்டு வர்றேன்: பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பும் செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் மூத்தவனைப் பள்ளியில் விட்ட முதல் நாள் நான் திருடி மாதிரி ஓடிவந்தேன். "அவன் பொம்மையப் பாத்துக்கிட்டு இருக்கான், இந்த நேரத்துல நழுவிடுங்க மேடம். சொல்லிட்டுப் போனா விடமாட்டான்" என்றார்கள். நழுவினேன். அடுத்த மூன்று வாரம் அவன் என் முந்தானையை விடவில்லை. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தான். நடுராத்திரியில் கையை நீட்டி, நான் படுத்திருக்கிறேனா என்று தடவிப் பார்த்தான். அவனுக்குப் பயம் பள்ளிக்கூடத்தின்மேல் இல்லை, என்மேல்.

பிறகு காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் சில வருடம் உதவியாக இருந்தேன். கேட்டுக்கு உள்ளே நின்று, அழுகிற பிள்ளைகளை இடுப்பில் வாங்கிக்கொள்ளும் வேலை. இளையவளை அனுப்பும்போது கேட்டின் இரண்டு பக்கமும் நின்ற அனுபவம் கையில் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கம் யாரும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்ப மாட்டோம். வாய்தவறிச் சொன்னால் பெரியவர்கள் அதட்டுவார்கள். "போயிட்டு வர்றேன்"தான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடை வேலைக்குப் போனவர்கள் மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை, வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய கட்டில், இருந்தவர்கள் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒரு சொல்லைத்தான். இரண்டரை, மூன்று வயதுப் பிள்ளைக்கும் வேண்டியது அதேதான். சொல்லிவிட்டுப் போகவேண்டும், சொன்னபடி வரவேண்டும். கீழே இருப்பதில் பாதி இந்த வாக்கைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு.

1. எப்போது, எங்கே

தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. தனியார் பள்ளிகளில் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு எல்.கே.ஜி.யில் விண்ணப்பிக்க, அந்த ஆண்டு ஜூலை 31-க்குள் பிள்ளைக்கு 3 வயது முடிந்திருக்க வேண்டும். மற்ற சேர்க்கைக்கும் பெரும்பாலும் இதை ஒட்டியே பார்க்கிறார்கள். அதற்கு முந்தைய ப்ளே ஸ்கூல் வகுப்புக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு வயதில் போகிறது என்பதற்காக நீங்கள் பரபரக்க வேண்டாம்.

அங்கன்வாடியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இயங்குபவை அவை. நம் வாயில் இன்னும் பால்வாடிதான். சத்துமாவு, மதியச் சோறு, முட்டை, 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம், வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். டீச்சர் நல்லவராக அமைந்துவிட்டால், ஏசி அறையில் உட்காரவைத்து மூன்று வயதில் ஏபிசிடி எழுதவைக்கும் இடத்தைவிட இது மேல் என்பது என் கட்சி. வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும்.

விஜயதசமிக்குச் சேர்ப்பது நம் ஊரில் பழக்கம். அதில் ஒரு நன்மை உண்டு. ஜூனில் இருபது பிள்ளைகள் ஒன்றாக அழும். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் எல்லோரும் அடங்கியிருப்பார்கள். புதிதாக வரும் உங்கள் பிள்ளையைக் கவனிக்க ஆசிரியைக்குக் கை ஒழியும். ஒரு தொல்லையும் உண்டு. பழகி வருவதற்குள் தீபாவளி விடுமுறை வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும்.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் காலை பத்து மணிக்குப் போகிறார்கள். அப்போது எந்தப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். பள்ளி விடுகிற நேரத்துக்குப் போய் கேட்டுக்கு எதிரே நில்லுங்கள். பிள்ளையை யார் கையில் ஒப்படைக்கிறார்கள், முகம் தெரியாத ஆள் வந்தால் கேள்வி கேட்கிறார்களா, கேட் திறந்தபடியே கிடக்கிறதா என்பதெல்லாம் பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு உள்ளே போய் முதலில் கக்கூஸைப் பாருங்கள். உட்காரும் உயரம், தண்ணீர், வழுக்கும் தரை, உள்ளே தாழ்ப்பாள். சின்னப் பிள்ளைக்குக் கை எட்டும் தாழ்ப்பாள் இருக்கவே கூடாது. தண்ணீர்த் தொட்டி, கிணறு ஏதாவது இருந்தால் மூடி, பூட்டு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

தனியார் மழலையர் பள்ளிகளுக்கான தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறி, 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்கிறது. முதல் மாதத்துக்கு அதுவே குறைச்சல்தான். "அழுற பிள்ளைய என்ன பண்ணுவீங்க?" என்று நேராகக் கேளுங்கள். "நாங்க தூக்கி வச்சுக்குவோம், வெளியில கூட்டிட்டுப் போய் காக்கா குருவி காட்டுவோம்" என்றால் நல்லது. "ரெண்டு நாள்ல தானா சரியாயிரும், நீங்க உள்ள எட்டிப் பாக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் இன்னொரு பள்ளியையும் பார்த்துவிடுங்கள்.

2. முதலில் பெரியவர்களைத் தயார் செய்யுங்கள்

இதைப் பிள்ளையின் தயாரிப்புக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் பல இப்போது எப்படி இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். முகப்பிலிருந்து கொல்லை வரை ஒரு தெரு நீளத்துக்கு வீடு. உள்ளே ஐயாவும் அப்பத்தாவும், விடுமுறைக்கு வரும் மகன் குடும்பமும். அல்லது அப்பா சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, தாயும் பிள்ளையும் பெரியவர்களோடு. அந்தப் பிள்ளை ஒரே நேரத்தில் பதினைந்து பிள்ளைகளைப் பார்த்ததே ஏதாவது கல்யாண வீட்டில்தான் இருக்கும். பெரியவர்களுக்கோ அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருப்பதே அந்தப் பிள்ளையால்தான். பிரிவு இரண்டு பக்கமும் வலிக்கும்.

என் மாமியார் ஜூன் மாதம் பிறந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

"பச்சப்புள்ளய எதுக்குத்தா இப்பவே கொண்டுபோய் அடைக்கிறீக? ஒரு வாய்ச் சோறு ஊட்ட அங்க யாரு இருக்கா?"

"மூணு மணி நேரம்தான் அத்தை. பன்னண்டரைக்கு வந்துருவா."

"மூணு மணி நேரத்துல எம்புட்டு அழுவும்!"

இந்தப் பேச்சு பிள்ளையின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அப்பத்தாவே அழுதால் அது ஆபத்தான இடம்தான் என்று பிள்ளை முடிவுகட்டும். அவர் வாயை மூடச் சொல்ல நமக்கு உரிமையில்லை, சொன்னாலும் நடக்காது. நான் அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன்: மதியம் கூப்பிடப் போவது உங்கள் பொறுப்பு. "அப்பத்தா மணி அடிக்கிறப்ப வாசல்ல நிப்பேன், என்ன?" என்று பிள்ளையிடம் தினமும் அவரே சொல்லத் தொடங்கினார். புலம்பல் தானாகக் குறைந்தது.

இன்னொன்றை வீட்டுக்குள் சட்டமாகவே போடுங்கள். "இரு இரு, பள்ளிக்கூடத்துல போட்டாத்தான் நீ அடங்குவ", "டீச்சர்கிட்டச் சொல்லிக்குடுக்கிறேன்", "அங்க போனா பிரம்புதான்" என்று யாரும் பேசக்கூடாது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள்தான் இதில் பெரிய குற்றவாளிகள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள், ராத்திரி அழுகை நமக்கு. "இல்ல சித்தப்பா, அவளுக்கு அங்க ஊஞ்சல் இருக்கு" என்று அந்த இடத்திலேயே பேச்சை மாற்றிவிடுவேன்.

3. ஒரு மாதம் முன்பே: தூக்கம், சோறு, கக்கூஸ், பெயர்

எழுத்து தெரியவேண்டாம். எண்ணத் தெரியவேண்டாம். கீழே உள்ளவை ஓரளவு தெரிந்தால் போதும், முழுதாகத் தெரியாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது.

தூக்கத்தில் தொடங்குங்கள். மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். நம் வீடுகளில் ராத்திரி பதினொரு மணிக்கு வெளிநாட்டிலிருந்து வீடியோ கால் வரும், பிள்ளை அதுவரை விழித்திருக்கும். காலை எட்டரைக்கு எழுந்து, பதினொன்றுக்கு இன்னொரு தூக்கம். பள்ளியில் அந்தப் பதினொரு மணிக்குத்தான் பாதிப் பிள்ளைகள் காரணமில்லாமல் அழும். அது தூக்க அழுகை. அழைப்பை மாலைக்கு மாற்றுங்கள். நான்கு நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கவைத்து, முன்னதாக எழுப்புங்கள். ஒரே நாளில் மாற்ற முயன்றால் உங்களுக்குத்தான் தூக்கம் போகும்.

சோறு. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி ஓடி ஊட்டுவதை ஒரு வேளைக்காவது நிறுத்துங்கள். இரண்டாங்கட்டில் பாய் போட்டு, தட்டை முன்னால் வைத்து, கொட்டினாலும் தானே தின்னட்டும். ஆத்தங்குடிக் கல்தரை துடைக்கச் சுலபம், கவலை வேண்டாம். பள்ளிக்குக் கொடுக்கப்போகும் டப்பாவை இப்போதே வாங்கி, தினமும் சாயங்காலம் தின்பண்டத்தை அதில் வைத்தே கொடுங்கள். திருகு மூடி வேண்டாம், காதுள்ள மூடியும் இறுக்கமாக இருந்தால் வேண்டாம். டப்பாவைத் திறக்கத் தெரியாமல், கேட்கவும் தெரியாமல், அப்படியே மூடி வைத்துவிட்டு வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் "ஒண்ணுமே திங்கல, அம்புட்டு ஏக்கம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

டப்பாவில் என்ன வைக்கலாம்? குழிப்பணியாரம் இதற்கென்றே செய்தது போல் இருக்கும்: கைக்கு அடக்கம், ஆறினாலும் மென்மை, கொட்டாது. பணியாரத்தை நான்காக நறுக்கி வையுங்கள். நெய் தடவிய சின்ன இட்லி, கனிந்த வாழைப்பழத் துண்டு, மதியம் வந்ததும் ஒரு கரண்டி கும்மாயம் (உளுந்து மாவில் கிளறும் நம் ஊர் இனிப்பு). வைக்கக்கூடாதது முக்கியம். முழு நிலக்கடலை, முழு திராட்சை, கடினமான சீப்புச் சீடை, உருண்டைச் சீடை, கெட்டி மாவுருண்டை. நான்கைந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு இவை மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியவை. ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தின்னும் வகுப்பறையில் இன்னும் ஆபத்து. கல்யாண வீட்டுப் பலகாரம் வீட்டில் மிஞ்சிக் கிடக்கிறது என்பதற்காக அள்ளிப்போட்டு அனுப்பாதீர்கள்.

கக்கூஸ் விஷயத்தில் நம் பழைய வீடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல். கழிவறை கொல்லைக் கோடியில் இருக்கும். ராத்திரியில் அங்கே போவதற்குப் பெரியவர்களுக்கே சோம்பல். பிள்ளை வளவு முற்றத்தின் ஓரத்து நீர்ப்போக்கில் இருந்தே பழகியிருக்கும். பள்ளியில் வெள்ளைப் பீங்கானையும் நாலு சுவரையும் பார்த்ததும் அடக்கிக்கொள்ளும். மூன்று மணி நேரம் அடக்கி, வீட்டுப் படி ஏறும்போது நனைத்துவிடும். அதனால் சேர்க்கைக்குப் போகும் நாளிலேயே அந்தக் கழிவறையில் ஒரு முறை உட்காரவையுங்கள். அதோடு உங்கள் வீட்டுச் சொல் என்ன என்பதை ஆசிரியையிடம் சொல்லுங்கள். ஒரு வீட்டில் 'மூச்சா', இன்னொரு வீட்டில் 'சுச்சு', வேறொரு வீட்டில் 'ஒண்ணுக்கு'. பட்டணத்திலிருந்து வந்த புது ஆசிரியைக்குப் பிள்ளை எதைக் கேட்கிறது என்றே புரியாமல் நிற்பதை நேரில் பார்த்தேன். மகனுக்கு ஜிப்பும் பெல்ட்டும் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த கால்சட்டை. மாற்று உடை ஒன்று பையில் எப்போதும். முழுதாகப் பழகாத பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று சில இடங்களில் சொல்வார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நனைத்துவிட்டதற்காக யாரும் அங்கே கேலி செய்கிறார்களா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

பெயர். இது நம் ஊருக்கே உரியது. பிள்ளைக்கு ஐயாவின் பெயரை வைத்திருப்போம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, அதனால் வீட்டில் 'ராசா', 'சின்னையா', 'குட்டி' என்றுதான் கூப்பிடுவோம். பள்ளியில் முதல் வாரம் பதிவேட்டைப் பார்த்து "முத்துக்கருப்பன்" என்று கூப்பிட்டால் யாரும் திரும்ப மாட்டார்கள். பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று ஆசிரியை சந்தேகப்படுவார். ஒரு மாதம் முன்பே பள்ளிப் பெயரையும் சேர்த்துக் கூப்பிடப் பழக்குங்கள், வீட்டுப் பெயரை ஆசிரியைக்குச் சொல்லுங்கள். அழும்போது பள்ளிப் பெயரைவிட வீட்டுப் பெயர்தான் பிள்ளையைத் தொடும். பிறப்புச் சான்றில் பெயர் சேர்க்காமலே விட்டிருந்தால் இப்போதே சேர்த்துவிடுங்கள். பதிவு செய்த 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, பிறகு தாமதக் கட்டணம்.

தடுப்பூசி அட்டையையும் ஒரு முறை புரட்டுங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போடவேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணை, போலியோ ஆகியவை ஊர் மாறும் குடும்பங்களில் விட்டுப்போகின்றன. விட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

4. போயிட்டு வர்றேன் பயிற்சி

இதற்கு மட்டும் நேரம் எடுத்துச் செய்யுங்கள். மற்றதெல்லாம் அரைகுறையாக இருந்தாலும் இது ஒன்று சரியாக இருந்தால் பிள்ளை தேறிவிடும்.

தாய் கண்ணில் மறைந்தால் பதறுவது பெரும்பாலும் 10 முதல் 18 மாதத்தில் உச்சத்தில் இருக்கும், மூன்று வயதை ஒட்டித் தணியும். ஆனால் புது இடம், புது முகம் என்றால் மூன்று வயதிலும் அப்படியே திரும்ப வரும். பிள்ளைக்கு மணி தெரியாது. 'கொஞ்ச நேரம்' என்பதும் 'சாயங்காலம்' என்பதும் ஒன்றுதான். நீங்கள் போனால் வருவீர்கள் என்பதைப் பலமுறை நடந்து பார்த்துத்தான் அது நம்பும்.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். பெரிய வீடு இருப்பதன் லாபம் இங்கேதான். பிள்ளை பட்டாலையில் அப்பத்தாவோடு இருக்கும்போது, "அம்மா கொல்லைக்குப் போயி துணி எடுத்துட்டு வர்றேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு நிமிடத்தில் வந்து, "வந்துட்டேன்" என்று சொல்லுங்கள். அந்த இரண்டாவது சொல்லைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போனதைச் சொன்னால் போதாது, வந்ததையும் சொல்லவேண்டும். அழுதால் ஓடி வராதீர்கள், அதற்காக வேண்டுமென்றே நேரத்தை இழுக்கவும் வேண்டாம்.

இரண்டாவது வாரம் தெருமுனைக் கடை வரை. மூன்றாவது வாரம் அம்மாச்சி வீட்டிலோ தெரிந்த வீட்டிலோ ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள். அங்கே மற்ற பிள்ளைகள் இருந்தால் இரட்டை நன்மை. ஊருணிக் கரையில் சாயங்காலம் விளையாடும் கூட்டத்தில் கொண்டுபோய் உட்காரவையுங்கள். தள்ளுவதும் பிடுங்குவதும் வரிசையில் நிற்பதும் அங்கே தானாக வரும்.

எப்போது திரும்புவீர்கள் என்பதைப் பிள்ளைக்குப் புரிகிற காரியத்தால் சொல்லுங்கள். "நீ பணியாரம் தின்னு, மணல்ல விளையாடி, மணி அடிச்சதும் அப்பத்தா வாசல்ல நிப்பாங்க." அஞ்சு நிமிடத்தில் வருகிறேன் என்று பொய் சொல்லாதீர்கள். மிட்டாய் வாங்கி வருகிறேன் என்றும் வேண்டாம். பிறகு நீங்கள் வந்தாலும் பிள்ளை மிட்டாயைத்தான் தேடும்.

கையோடு பழகிய பொருள் ஒன்று உதவும். அம்மாவின் வாசம் உள்ள பருத்தித் துணிக்கு ஈடில்லை. அப்பத்தாவின் நைந்துபோன கண்டாங்கிச் சேலையிலிருந்து கைக்குட்டை அளவு வெட்டி, ஓரம் தைத்து, என் மகளின் கால்சட்டைப் பையில் வைத்தேன். நான்கு துண்டு வெட்டி வைத்தது நல்லதாகப் போயிற்று, இரண்டை முதல் வாரத்திலேயே தொலைத்தாள். பொம்மை வேண்டாம், மற்ற பிள்ளைகள் பிடுங்கும்.

5. ஏடு தொடக்கம் பற்றி ஒரு வார்த்தை

விஜயதசமியன்று பிள்ளையார்பட்டியிலோ வீட்டுச் சாமி அறையிலோ தாம்பாளத்தில் நெல்லோ அரிசியோ பரப்பி, விரலைப் பிடித்து எழுதவைப்போம். அழகான சடங்கு, விட்டுவிடாதீர்கள். ஆனால் கூட்டத்தில் விழிபிதுங்கி அழும் பிள்ளையின் விரலை அழுத்திப் பிடித்து முழு எழுத்தையும் முடித்தே ஆகவேண்டும் என்று நிற்காதீர்கள். ஒரு கோடு இழுத்தாலும் போதும். பெருங்கூட்டத்துக்கு அஞ்சுகிற பிள்ளை என்றால் வீட்டிலேயே செய்யுங்கள்.

அதோடு எழுத்து முடிந்தது. மூன்று வயது விரலுக்குப் பென்சிலைப் பிடித்து வரிக்குள் எழுதும் பலம் இன்னும் வந்திருக்காது. பணியார மாவைக் கலக்குவது, கோலப்பொடியை விரலால் தூவுவது, சப்பாத்தி மாவை உருட்டுவது ஆகியவைதான் இப்போதைக்கு எழுத்துப் பயிற்சி. பல்லாங்குழியும் நல்லது, ஆனால் பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். புளியங்கொட்டை மூக்குக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

6. முதல் நாள்

ஒருவர் மட்டும் கொண்டுபோய் விடுங்கள். ஐயா, அப்பத்தா, அத்தை, சித்தி, வீடியோ எடுக்க ஒருவர் என்று கார் நிறைய வந்து இறங்கும் பிள்ளைதான் அன்று அதிகம் அழும். இது ஏதோ பெரிய சம்பவம் என்று கூட்டமே அதற்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. போட்டோவை வீட்டுத் திண்ணையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம்தான் பிள்ளை அதிகம் ஒட்டும் என்றால், அப்பாவோ தாய்மாமனோ கொண்டுபோய் விடுவது பல வீடுகளில் சுலபமாக முடிகிறது.

வாசலில் நடக்கவேண்டியது இரண்டு நிமிடம். குனிந்து, பிள்ளையின் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்து, ஏற்கெனவே பயிற்சி செய்த அதே வார்த்தைகள். "அம்மா போயிட்டு வர்றேன். மணி அடிச்சதும் அப்பத்தா வருவாங்க." ஒரு முத்தம். பிறகு பிள்ளையை நீங்களே ஆசிரியையின் கையில் கொடுங்கள். உங்களிடமிருந்து அவர் பிடுங்குவது போல் ஆகக்கூடாது. நீங்கள் கொடுத்தால், 'இவங்க நம்ம ஆளு' என்று பிள்ளைக்குத் தெரியும். திரும்பி நடங்கள். ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் தலை தெரிந்ததும் அடங்கிவந்த அழுகை இரட்டிப்பாகும். உள்ளே நின்றவள் சொல்கிறேன்: பெரும்பாலான பிள்ளைகள் தாய் தெருமுனை திரும்புவதற்குள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மணலைப் பார்க்கத் தொடங்கிவிடும். வாசலில் நிற்கும் தாய்தான் மணிக்கணக்காக அழுவாள். அரை மணி கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை.

பள்ளி ஒத்துக்கொண்டால் முதல் நாள் ஒரு மணி நேரம், மூன்றாம் நாளிலிருந்து இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் முழு நேரம் என்று கூட்டுங்கள். முதல் இரண்டு வாரம் மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வாசலில் ஆள் இருக்கவேண்டும். மற்றவர்கள் எல்லாம் போய், கடைசியாக நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் ஒருநாளும் தாமதிக்க மாட்டார்கள்.

பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து காரைக்குடிக்கு அனுப்புகிறவர்கள் முதல் மாதம் வேன் வேண்டாம் என்று நான் சொல்வேன். பிரிவு வீட்டு வாசலிலேயே நடந்து, பிறகு வெயிலில் முக்கால் மணி நேரம் தெரு தெருவாகச் சுற்றி, மூன்றாவதாகப் பள்ளி. சின்னப் பிள்ளைக்கு அது தாங்காது. பழகிய பிறகு வேனில் ஏற்றும்போது, உதவியாள் ஒருவர் உள்ளே இருக்கிறாரா, எல்லோரும் இறங்கியதும் கடைசி சீட் வரை யார் பார்க்கிறார்கள் என்று கேட்காமல் ஏற்றாதீர்கள்.

7. முதல் மாதம்

பள்ளியில் சமர்த்தாக இருந்த பிள்ளை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்தத் தொடங்கும். சாக்ஸ் கோணலாக இருக்கிறது என்பது காரணமாக இருக்கும். மூன்று மணி நேரம் அடக்கி வைத்ததை உங்களிடம் கொட்டுகிறது. உங்களிடம்தான் கொட்ட முடியும். கேள்வி கேட்காமல் முதலில் தண்ணீர், அப்புறம் சோறு, அப்புறம் தூக்கம். "இன்னிக்கு என்ன படிச்ச?" என்று தெருவே கேட்கும். பதில் வராது. ராத்திரி படுக்கையில் "இன்னிக்கு யாரு அழுதா?" என்று கேட்டுப் பாருங்கள், கதை கதையாக வரும்.

நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரலாம், ஊட்டிவிடச் சொல்லலாம், இடுப்பை விட்டு இறங்காமல் இருக்கலாம். சில வாரத்துக்கு விட்டுக்கொடுங்கள்.

சில பிள்ளைகள் முதல் வாரம் சிரித்துக்கொண்டே போகும், இரண்டாவது வாரம் அழும். இது தினமும் நடக்கப்போகிறது என்று அப்போதுதான் அதற்குப் புரிகிறது. அந்த இரண்டாவது வாரத்தில் "பாவம், ரெண்டு நாள் லீவு விடுவோம்" என்று யாராவது சொல்வார்கள். காய்ச்சல் இல்லாமல் விடாதீர்கள். விட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

சளியும் இருமலும் வரும். பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு வருடத்துக்கு ஏழெட்டு முறை சளி பிடிப்பது வழக்கத்துக்கு மாறானதல்ல. கண்ணேறு கழிக்கலாம், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். கூடவே வீட்டுக்குள் நுழைந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். மருந்தில்லாமல் காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகே அனுப்புங்கள். வாயிலும் உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்டி, பள்ளிக்கும் சொல்லிவிடுங்கள், அது ஒட்டிக்கொள்ளும்.

8. எப்போது கவலைப்பட வேண்டும்

காலை வாசல் அழுகை ஒரு மாதம் நீடித்தால் அது பெரிய விஷயமில்லை. ஐந்தாறு வாரம் கழிந்தும் பள்ளியில் நாள் முழுக்க அழுகை, எதுவும் தின்பதில்லை, யாரோடும் சேர்வதில்லை என்றால் ஆசிரியையோடு உட்கார்ந்து பேசுங்கள். சில மாதம் தள்ளிப்போடுவது தோல்வியல்ல. பெயர் சொன்னால் திரும்பாமை, கண்ணைப் பார்க்காமை, இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமை ஆகியவற்றை 'ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்' என்று தள்ளாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனை இலவசம்.

இன்னொரு வகை அழுகை உண்டு. பள்ளியைச் சொன்னால் அழாத பிள்ளை, குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்தால் அல்லது வேனைப் பார்த்தால் மட்டும் விறைத்துப்போகும். உடம்பில் காரணம் தெரியாத காயம், உள்ளாடையைத் தொடவிடாமை. அப்போது சமாதானம் சொல்லாதீர்கள், அன்றே விசாரியுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. குளிப்பாட்டும்போதே உடம்பின் எல்லாப் பாகத்துக்கும் பெயர் சொல்லிக்கொடுத்து, அம்மாவும் கழுவிவிடும் ஆயாவும் தவிர யாரும் அங்கே தொடக்கூடாது, தொட்டால் அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று சாதாரணக் குரலில் சொல்லி வையுங்கள். பள்ளியில் கழுவிவிடுவது யார் என்று நீங்களும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மற்றபடி நீண்ட விடுமுறைகளைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குப் பிள்ளையின் அப்பா ஊருக்கு வந்து, வீடு நிறைய ஆட்கள் இருந்து, பத்து நாள் கழித்து எல்லோரும் ஒரே நாளில் கிளம்பிப்போன மறுநாள் பள்ளி திறக்கும். அன்று வாசலில் அழுகை நிச்சயம். முதல் நாள் போலவே ஒருவர் மட்டும் போய், அதே வார்த்தைகளைச் சொல்லி விடுங்கள். இந்த முறை இரண்டு நாளில் நின்றுவிடும். கண்டாங்கித் துண்டைத் துவைத்துத் தயாராக வைத்திருங்கள், அன்று காலையில் அதைத்தான் முதலில் கேட்பாள்.